வால் முளைத்த எழுத்துகள்

கண் மருத்துவமனையின் ஸ்கேன் கருவியில் தாடையை வைக்கும் இடத்தில் புதிய காகிதம் ஒன்றை விரித்துவிட்டு, "இமைக்காம உள்ள பாருங்க" என்றாள் கருவியை இயக்கிய பெண். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகச் சிவப்பு வளையங்கள் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பவரின் மூக்குகூட சோதனைக்கு வந்தவளுக்கு உத்தேசம்தான். இந்த வளையங்கள் கண்ணை ஒட்டி இருந்ததால் ஓரளவு பிடிபட்டன. வலது கண் ஒரே தடவையில் முடிந்தது. இடது கண்ணை அந்தப் பெண் எடுத்தாள், திரும்பவும் எடுத்தாள். பிறகு, "லேசா அசைஞ்சிட்டீங்கபோல" என்று சொல்லி இன்னொரு முறை எடுத்தாள். அவள் அசையவில்லை. அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் தொழில். அதைச் சொல்ல வாயெடுத்தவள், அந்தப் பெண்ணின் பேச்சு நின்றுபோயிருப்பதைக் கவனித்து அடக்கிக்கொண்டாள். அவள் வந்ததிலிருந்து சளசளவென்று பேசியவள் அந்தப் பெண். என்ன வேலை, எத்தனை பிள்ளை, இந்தச் செருப்பை எங்கே வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்டவள். இப்போது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெளிய உக்காருங்க, டாக்டரம்மா கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பொது நீச்சல் குளத்தில் அவள் உயிர்காப்பாளர். குளத்துக்கு வருகிறவர்கள் அவளை 'விசில்' என்றே கூப்பிட்டார்கள். பெரியவர்களுக்கு விசில், சின்னவர்களுக்கு விசில் அக்கா. ஆழமான பக்கத்தில், ஏணி வைத்த உயரமான நாற்காலியில், பின்னந்தலையில் ரப்பர் பட்டை போட்டு இறுக்கிய தடித்த கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பாள். கண்ணாடி இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. தண்ணீர்த் தெறிப்பில் முகங்கள் மங்கினாலும் ஆளை அவளுக்குத் தெரியும். தண்ணீரைக் கையால் அறைந்துகொண்டே போகிறவர் தபால் நிலையத்துக்காரர். மூச்சு எடுப்பதற்கு இடப்பக்கம் மட்டுமே திரும்புகிற கிழவர், பக்கவாதம் வந்து தேறியவர். ஒருவர் களைத்துப்போய் மூழ்கப்போகிறார் என்பது அவருக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தோள் இறங்கும் விதத்தில் அது இருக்கிறது.

குதித்தால்தான் சிக்கல். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கண்ணாடி தண்ணீரில் கழன்றுவிடும். முன்பெல்லாம் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். குளத்துத் தண்ணீர் சேராமல் வலது கண்ணில் புண் வந்து, இனிமேல் லென்ஸோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பவர் வைத்த நீச்சல் கண்ணாடியை நாற்காலியில் மணிக்கணக்காகப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது, உள்ளே பனி படர்ந்துவிடும். எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் வேறொரு ஊர்க் குளத்தில் ஒரு பெண் மூழ்கிப்போனாள். அங்கிருந்த உயிர்காப்பாளர் உடனே குதித்திருக்கிறார். ஆனால் கண்ணாடி கழன்று, அந்தப் பெண் கிடந்த பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் தேடியிருக்கிறார். அந்தச் செய்தியை அவள் ஒருமுறைதான் படித்தாள். அதற்குப் பிறகு நாற்காலியில் ஏறும்போதெல்லாம் அந்த ஆள் நினைவுக்கு வந்தார், மூழ்கியவளைவிட அதிகமாக. தண்ணீருக்கடியில் தப்பான பக்கம் துழாவுகிற இரண்டு கைகள்.

எல்லாக் குளங்களுக்கும் புது விதி வந்தது. கண்ணாடி இல்லாமல் குளத்தின் மறுகரையைப் பார்க்க முடியாதவர்கள் காவலுக்கு ஆகமாட்டார்கள். மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர். சொல்வதற்கு முன்னால் மேசையில் இருந்த பேனாக்களை எல்லாம் ஒரே திசையில் அடுக்கினார். "விதி என் கையில இல்லம்மா. சோதனைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. இப்பல்லாம் லேசர் வெச்சு ஒரே நாள்ல பண்ணிடறாங்களாமே." அவளால் அந்த விதியைத் திட்டவும் முடியவில்லை. நியாயமான விதி என்று தெரிந்தால் திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் போகிறது.

டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு வட்டங்கள். ஏதோ தேசத்தின் வரைபடம்போல நீலமும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தன. இடது வட்டத்தில் மட்டும், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு திட்டு.

"கண்ணோட முன்பக்கம் ஒரு கண்ணாடி மாதிரி இருக்கில்ல, கருவிழிப் படலம். அது பந்து மாதிரி உருண்டையா இருக்கணும். உங்களுக்கு இந்த எடத்துல மெலிஞ்சு, கூம்பு மாதிரி லேசா வெளிய தள்ளியிருக்கு. லேசர்னா அந்தப் படலத்தத்தான் சீவி எடுப்போம். ஏற்கெனவே மெலிஞ்சதைச் சீவினா இன்னும் தள்ளும். அப்புறம் கண்ணாடி போட்டாலும் தெரியாது."

"கொஞ்சமா சீவ முடியாதா மேடம்? முழுசா வேணாம். மறுகரை தெரிஞ்சா போதும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முடியாதும்மா. உள்ள ஒரு லென்ஸ் வைக்கிற முறை இருக்கு. உங்க கண்ணுக்குள்ள அதுக்கும் எடம் பத்தல, அளந்து பாத்துட்டேன்." பிறகு நிதானமாகக் கேட்டார். "எழுத்து படிக்கும்போது பக்கத்துலயே நிழல் மாதிரி இன்னொரு எழுத்து தெரியுதா? வெளக்கப் பாத்தா கோடு கோடா இழுக்குதா?"

"இல்ல" என்றாள். ஆனால் சிறு வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று வெகுகாலம் நம்பியிருந்தாள்.

"கண்ணைத் தேய்க்கிற பழக்கம்?"

"இல்ல."

டாக்டரம்மா எதையோ குறித்துக்கொண்டார். "உங்க வயசுக்கு இது பெரும்பாலும் அப்படியே நின்னுடும். வருஷத்துக்கு ஒருதரம் பாத்துக்கலாம். பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. பதினாலு."

"அவளைக் கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல வரக்கூடியது. அந்த வயசுல வந்தா நிக்காது, வேகமா ஓடும். சீக்கிரம் பாத்துட்டா ஓடாம நிறுத்த வைத்தியம் இருக்கு. தள்ளிப்போடாதீங்க."

தலையாட்டிவிட்டு வந்தாள். படியிறங்கும்போது கால் கூசியது. தண்ணீருக்குள் படி எங்கே முடிகிறது என்று தேடுகிற கால்போல.

வீட்டில் கணவன் காத்திருந்தான். ரொட்டி அடுமனையில் வேலை. விடியும் முன்பே அடுப்படிக்குப் போய், மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் வேலை முடிந்து வருகிறவன். முழங்கை மயிரெல்லாம் பொசுங்கி, கையில் எப்போதும் மாவு வாசனை. அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"முடியாதாமா?"

"படலம் மெலிசாம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லல."

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. மகளை அழைத்துப் போனால் அந்த டாக்டரம்மா சொன்னது சரி என்று ஆகிவிடும். அது சரியென்றால் லேசர் இல்லை, நாற்காலி இல்லை. தப்பென்றால் இரண்டும் உண்டு, மகளுக்கும் ஒன்றுமில்லை. ஆகவே அது தப்பாக இருந்தே தீரவேண்டும். அன்றைக்கு முழுவதும் இதை ஒரு கணக்குபோல மனத்துக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் விடை அவளுக்கு வேண்டியபடியே வந்தது.

மகளை வீட்டில் 'வாலு' என்றார்கள். தவழும் வயதில் எதையாவது இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்ததால் அப்பன் வைத்த பெயர். இப்போது குரலும் நடையும் மாறி, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற வயது. பெயர் மட்டும் மாறவில்லை. அந்த ஆண்டிலேயே இரண்டு தடவை அவளுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. வளர்கிற பிள்ளை, பவர் ஏறத்தான் செய்யும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை அப்போது தாயும் நம்பியிருந்தாள். இப்போதோ சாப்பாட்டு மேசையில் மகள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் முட்டிகளால் இரண்டு கண்ணையும் அழுத்தித் தேய்ப்பது தெரிந்தது. நேற்றும் தேய்த்திருப்பாள். போன வருடமும் தேய்த்திருப்பாள். தண்ணீரில் யாருடைய தோள் இறங்குகிறது என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு, ஒரு கை தூரத்தில் இருந்த இது தெரியாமல் போயிருந்தது.

"தேய்க்காதடி."

"அரிக்குதும்மா."

"கைய எடுங்கறேன்ல."

சத்தம் அதிகமாகிவிட்டது. கணவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

இன்னொரு கண் மையத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவன் கணவன்தான். அடுமனை முதலாளியின் தம்பி அங்கே செய்துகொண்டு, மறுநாளே வண்டி ஓட்டினாராம். கடைத்தெருவின் மேல்மாடியில், எல்லாச் சுவர்களும் வெள்ளையாக, வாசனைத் தைலம் தெளித்த குளிர்ந்த அறைகள். அங்கிருந்த டாக்டர் இளைஞர், கைகுலுக்கினார், சிரித்த முகம். முன்பு எங்காவது காட்டினீர்களா என்று கேட்டதற்கு அவள் இல்லை என்றாள். அவர்களும் ஸ்கேன் எடுத்தார்கள், ஒரே தடவைதான். வண்ண வட்டங்களை டாக்டர் தன் பக்கமே வைத்துப் பார்த்தார்.

"இடது கண்ணு கொஞ்சம் பார்டர்தான். ஆனா நான் இதைவிட மோசமான கண்ணெல்லாம் செஞ்சிருக்கேன். உங்க கண்ணு லேசருக்கு ஏத்த கண்ணுதான்."

அவள் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். பேருந்தில் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஏத்த கண்ணுதான். அன்று சாயங்காலம் குளத்தில், உடன் வேலை செய்யும் நெட்டையனிடம் லேசருக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அவன் மிதவைக் கயிறைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்ப இனிமே என்னை அழகா இருக்கேன்னு சொல்ல மாட்ட, பாத்துடுவியே" என்றான். சிரித்தாள். சிரிப்பு வந்ததே அதிசயமாக இருந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது கண்ணாடியைக் கழற்றினாள். குளம் ஒரு நீலக் கறையாகப் பரந்து கிடந்தது. அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது சத்தத்தால்தான் தெரிந்தது. கீழே, ஆழத்தில், கரும்புள்ளிபோல ஏதோ இருந்தது. இருந்ததா? அவசரமாகக் கண்ணாடியை மாட்டினாள். தரையில் பதித்த ஓட்டின் வர்ணம்தான் அது. இத்தனை வருடமாக அங்கேயே இருப்பது.

அறுவைக்கு இரண்டு நாள் முன்னால் வாலு பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றாள்.

"அம்மா, இந்தக் கண்ணாடியும் சரியில்ல."

"இப்பத்தானே மாத்தினோம்."

"போர்டுல இருக்கிற எழுத்துக்கெல்லாம் வால் முளைச்சிருக்கும்மா. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ ஒண்ணு தொங்குது." அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது. சுவரில் விரலால் வரைந்து காட்டினாள். "இப்படி. இதுவும் இடது கண்ணுல மட்டும். வலதுல பாத்தா நல்ல பிள்ளையா இருக்கு."

கூடத்திலிருந்து அப்பன் குரல் கொடுத்தான். "உன் கண்ணுக்குத் தெரியறது உன்ன மாதிரிதானடி இருக்கும்."

வாலு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போகிறபோது, "உனக்குச் செஞ்சு முடிச்சதும், பதினெட்டு ஆனதும் எனக்கும் செஞ்சிடலாம்மா, அந்த டாக்டர்கிட்டயே" என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்தது. எரிவாயு வாசனை மூக்கில் ஏறும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, வழிந்ததைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். இன்னும் இரண்டு நாள்தான், தன்னுடையது முடிந்துவிடட்டும், அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மனம் சொன்னது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்றும் சொன்னது. தண்ணீருக்கடியில் இருக்கிறவருக்கு எவ்வளவு நேரம் உண்டு என்று பாடம் எடுக்கிறவள் அவள். அந்தப் பாடத்தை இப்போது நினைக்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அறுவை நாளன்று கணவன் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். அவளுக்குத் தலையில் உறையும் காலில் உறையும் மாட்டினார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணாடியை வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வெளியே கணவனிடம் கொடுத்துவிட்டார்கள். சாய்வான படுக்கையில் படுத்தபோது மேலே இருந்த விளக்கு கோடு கோடாக இழுத்தது, கீழ்நோக்கி. வால் முளைத்த விளக்கு.

டாக்டர் வந்தார். முகம் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருப்பது குரலில் தெரிந்தது. "ரெடியா? கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எனக்கு ஒரு பொண்ணு. அவளுக்கும் இதே கண்ணுதான். பதினாலு வயசு. எழுத்துக்குக் கீழ நிழல் தெரியுதுங்கறா. பவர் ஏறிக்கிட்டே போகுது."

"அதெல்லாம் அந்த வயசுல சகஜம். பதினெட்டு ஆகட்டும், கூட்டிட்டு வாங்க. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே கைராசி."

"இப்ப ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்க வேணாமா?"

"எதுக்கு வீணா பயந்துக்கறீங்க? நேரா மேல பாருங்க."

இரண்டு விரல்கள் வந்து அவள் இமையை விரித்தன. ஒன்றும் உறைக்கவில்லை, மரத்துப்போயிருந்தது. தன் கண்ணை இந்தக் குரலிடம் கொடுத்துவிட அவளுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். இரண்டு வாரமாக அவள் அஞ்சியது இவர் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்பதற்குத்தான். ஆனால் இதே படுக்கையில், இதே விளக்குக்குக் கீழே, வாலு படுத்திருப்பதாக நினைத்தபோது உடம்பு தன்னால் எழுந்துவிட்டது. நினைத்துத் தீர்மானித்து எழவில்லை. குதிக்கிறபோதும் அப்படித்தான். கால் போன பிறகுதான் மனசு போகும்.

"என்னம்மா?"

"எனக்கு வேணாம் டாக்டர்."

"மருந்து விட்டாச்சே. இப்ப இறங்கினா எப்படி?"

"கோவிச்சுக்காதீங்க. வேணாம்."

யாரோ கையைப் பிடித்தார்கள். விடுவித்துக்கொண்டாள். சுவரைத் தொட்டுக்கொண்டே, கால் உறை வழுக்க, வெளிச்சம் அதிகமாக இருந்த திசையில் நடந்தாள். காத்திருக்கும் அறையில் நிறைய உருவங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று சட்டென்று எழுந்ததிலிருந்து அவன்தான் என்று தெரிந்தது. அருகில் வந்ததும் மாவு வாசனை.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"வெளிய போலாம்."

மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் டப்பாவைத் திறந்து கண்ணாடியை மாட்டிவிட்டான். அவன் முகம் தெளிந்து வந்தது. அது தெளியாமல் இருந்தபோதே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னாள். கூம்பு, மெலிந்த இடம், குடும்பத்தில் வருவது, அந்த வயதில் வேகமாக ஓடும் என்பது, தள்ளிப்போடாதீர்கள் என்பது.

கீழே கடைத்தெருவில் யாரோ இரும்புக் கதவை ஏற்றினார்கள். அந்தச் சத்தம் அடங்கியபின், "எப்ப சொன்னாங்க?" என்றான்.

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா. முதல் தடவ போனப்பவே."

"ஆமா."

"நான் கேட்டேனே. வேற என்ன சொன்னாங்கன்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

அவன் எழுந்து இரண்டு படி இறங்கி, அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். "நாந்தானே இந்த எடத்தக் கண்டுபிடிச்சேன்" என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "உனக்குக் கண்ணாடி இல்லாமப் போனா எப்படி இருக்கும்னு அடுப்பு முன்னாடி நின்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அவ தேய்க்கிறதை நானும் பாத்தேன். நானும்தான் பாத்தேன்." திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினான். "தலையில இருக்கிறதைக் கழட்டு. எந்திரி. பள்ளிக்கூடம் விட இன்னும் நேரமிருக்கு. அவளைப் போய்க் கூட்டிட்டு அந்த டாக்டரம்மாகிட்ட போலாம்."

டாக்டரம்மா அன்றே பார்த்தார். வாலுவின் இடது வட்டத்தில் இருந்த திட்டு, அம்மாவுடையதைவிடப் பெரியதாகவும் நல்ல சிவப்பாகவும் இருந்தது. வலதில் இன்னும் ஒன்றுமில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ஆனா இப்பவும் நிறுத்தப் பாக்கலாம். போன பார்வை திரும்பாது. இருக்கிறது போகாம இருக்கணும், அதுக்குத்தான் வைத்தியம்." படலத்தின் மேல்தோலை எடுத்துவிட்டு மருந்தை ஊறவைத்து, மேலிருந்து நீல வெளிச்சத்தைப் பாய்ச்சுவார்களாம். மெலிந்தது இறுகுமாம். முதல் சில நாட்கள் வலி பிடுங்கும், வெளிச்சமே ஆகாது, கண்ணில் கை படவே கூடாது.

"நின்னுடுமா மேடம்?" என்று கணவன் கேட்டான்.

"பெரும்பாலும் நிக்கும். கொஞ்ச மாசம் போனாத்தான் தெரியும்."

வண்டியில் திரும்பி வரும்போது வாலு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, அப்ப உனக்கும் எழுத்துக்கு வால் இருக்கா?"

"இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"உன் வயசுலேர்ந்து."

"நீ சொன்னதே இல்ல."

எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது, சொன்னாலும் பதில் ஆகாது.

குளத்தில் கண் சோதனை நடந்த நாளும் மகளுக்கு வைத்தியம் செய்த நாளும் ஒன்றாக அமைந்தன. மேலாளரிடம் முன்பே போய், என்னால் தேற முடியாது, நான் வரவில்லை என்று சொல்லியிருந்தாள். அவர் பேனாக்களை அடுக்கினார், கலைத்தார். உடைமாற்றும் அறைகளின் சாவி கொடுக்கும் இடத்தில் ஆள் வேண்டியிருக்கிறது, யோசித்துச் சொல்லும்மா என்றார். அங்கிருந்து தண்ணீர் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். யோசிக்கிறேன் என்று சொன்னாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்தபோது, "அது உன்னோடதுதான், வெச்சுக்க" என்றார் அவர். வாயில் பட்ட பொருளை வேறு யாருக்குக் கொடுப்பது என்பதாலும் சொல்லியிருக்கலாம். நெட்டையன் வாசல்வரை கூட வந்தான்.

மரத்துப்போக விட்ட மருந்தின் வேகம் இறங்கியதும் வாலுவுக்கு வலி தொடங்கியது. மறுநாள் காலைக்குள் முகமே வீங்கிப்போனது. கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல இருக்கிறது என்றாள், பிறகு அதையும் சொல்லாமல் முனகினாள். அப்பன் வேலைக்குப் போகாமல் வாசலுக்கும் அறைக்குமாக அலைந்தான். கடைசியில் மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போனான். வாங்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். நடுப்பகலில் வீடு மூடிய பெட்டிபோல இருந்தது.

"அம்மா, கை போகுது. என்னால முடியல. தன்னால போகுது."

"நான் புடிச்சுக்கறேன்."

கட்டிலில் ஏறி மகளுக்குப் பின்னால் ஒட்டிப் படுத்து, இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். கண்ணாடி தலையணையில் இடித்ததால் முன்பே கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். வாலு முதலில் திமிறினாள். உண்மையான பலத்தோடு, அழுதுகொண்டே, விடும்மா விடும்மா என்று திமிறினாள். மூழ்குகிறவர்கள் காப்பாற்ற வந்தவரையே அமுக்கிக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பார்கள். அவர்களிடம் கோபப்படக் கூடாது, பிடியைத் தளர்த்தவும் கூடாது. அவள் விடவில்லை. மெல்ல மெல்லத் திமிறல் விசும்பலாகி, விசும்பல் மூச்சாகி, கடைசியில் அந்த மணிக்கட்டுகள் கனத்தன. தூங்கிவிட்டாள்.

வெளியே காற்று அடித்திருக்க வேண்டும். கட்டியிருந்த போர்வையின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. அந்த இடைவெளியில் வெயில் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்து, பக்கத்தில் ஒரு நிழல் பட்டையோடு, கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு கிடந்தது. எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் போர்வையைக் கட்டலாம், அதற்குக் கையை விட வேண்டும். வெயில் கட்டில் காலருகே வந்து, மெத்தை விளிம்பில் ஏறி, மகளின் பாதத்தைத் தொட்டது. அவள் தன் உடம்பை இழுத்து இழுத்து ஜன்னலுக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். முதுகில் மெதுவாகச் சூடு ஏறிக்கொண்டிருந்தது.